ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு சுற்று நடப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

"வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏரிக்கரைப் பூங்கா இருக்கிறது. வாரம் ஒருமுறை குடும்பத்தோடு போகிறோம். ஒரு சுற்று நடப்போம், பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவார்கள், நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ஒரு பிள்ளைக்கு 8 வயது, இன்னொரு பிள்ளைக்கு 12. அங்கே அவர்கள் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? வேறு என்னவெல்லாம் செய்யலாம்?" இதுதான் உங்கள் கேள்வி.

நிறைய இருக்கிறது. பல வருடங்களாகச் சிறுவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதில் தெரிந்துகொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாரமும் புதிதாக எதையாவது தேடிப் போக வேண்டாம். அதே பூங்காவில், கரையோரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போதெல்லாம் அதே இடத்தில் போய் உட்காருங்கள். ஏரி ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடாது. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ போகும்போதுதான் "போன வாரம் இது இங்கே இல்லையே" என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு வந்துவிட்டால், அப்புறம் அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஏரிகளைப் பற்றிய அறிவியலே இப்படித்தான் வளர்ந்தது. பிரான்சுவா அல்போன்ஸ் ஃபோரெல் என்பவர் 1841-இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் என்ற ஊரில் பிறந்தார். ஜெனீவா ஏரியின் கரையிலேயே உள்ள ஊர் அது. மருத்துவம் படித்தவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் பார்த்தது அந்த ஓர் ஏரியைத்தான். அதன் ஆழம், வெப்பம், நிறம், அடிச் சேறு, அதில் வாழும் உயிர்கள் எல்லாவற்றையும் பார்த்தார். ஏரிகளை ஆராயும் துறைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பெரிய அலையே இல்லாத நேரத்திலும் ஜெனீவா ஏரியின் கரையில் நீர் மெல்ல ஏறி இறங்குவதை அங்குள்ளவர்கள் வெகுகாலமாகக் கண்டிருந்தார்கள். தொட்டியில் இருக்கும் நீரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் அது இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆடும் இல்லையா? முழு ஏரியும் அப்படித்தான் ஆடுகிறது என்று அளந்து காட்டினார் ஃபோரெல். காற்றோ காற்றழுத்தமோ நீரை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு விலகும்போது அந்த ஆட்டம் தொடங்குகிறது. சின்ன ஏரியில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் ஓர் அகலமான பாத்திரத்தில் நீர் ஊற்றி உங்கள் 12 வயதுப் பிள்ளைக்குச் செய்து காட்டலாம். பாத்திரம் நீளமாக நீளமாக ஆட்டம் மெதுவாவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சரி, அந்த இடத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? முதல் 10 நிமிடம் ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் நடந்து வந்த சத்தத்துக்குக் கரையில் இருந்தவை எல்லாம் ஒதுங்கியிருக்கும். அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். முதலில் தட்டான்கள், பிறகு தவளை, பிறகு பறவைகள். இந்தக் காத்திருப்பு 8 வயதுப் பிள்ளைக்குக் கஷ்டம்தான். அதனால் ஒரு வேலை கொடுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பத்து விரலும் மடங்குவதற்குள் பறவைகள் வந்துவிடும்.

கூடவே ஒரு நோட்டு. தேதி, நேரம், வெயிலா மேகமா, காற்று எந்தப் பக்கமிருந்து, நீரின் நிறம், இவ்வளவு போதும். கரையில் அசையாத ஒரு கல்லையோ படிக்கட்டையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, நீர்மட்டம் அதிலிருந்து எத்தனை விரல்கடை கீழே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் மழையும் வெயிலும் அந்த ஏரியை என்ன செய்தன என்று பிள்ளைகளே சொல்வார்கள். வரைவது பிடித்த பிள்ளையாக இருந்தால் வரையட்டும். படம் எடுப்பதைவிட வரைவது நல்லது என்பது என் எண்ணம். ஒரு கொக்கின் காலை வரைய வேண்டுமென்றால் அந்தக் காலை உண்மையாகவே பார்த்தாக வேண்டும்.

பறவைகளிலிருந்து தொடங்குவது எளிது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "அது எங்கே நின்று, எப்படிச் சாப்பிடுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். கொக்கு காலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழம்வரைதான் இறங்கும். மீன்கொத்தி மேலிருந்து விழும். சில வாத்துகள் வாலை மேலே தூக்கிக்கொண்டு தலையை மட்டும் நீருக்குள் விடும், சில வாத்துகள் முழுதாக மூழ்கிவிடும். நாமக்கோழியைப் பார்த்தால் வாத்து என்றுதான் தோன்றும். அது கரைக்கு ஏறும்போது காலைக் கவனியுங்கள். வாத்தின் காலில் விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும். நாமக்கோழிக்கு அது கிடையாது, ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனியாக மடல்கள் இருக்கும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்கோ விரல்கள் விரிந்து நீண்டிருக்கும். உடல் எடை பரவலாக இறங்குவதால் இலை அமிழ்வதில்லை. ஒரே ஏரியை இத்தனை பேரும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்வது எப்படி என்பது இந்தக் கால்களையும் அலகுகளையும் பார்த்தாலே புரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்று: முக்குளிப்பானையோ நீர்க்காகத்தையோ தேர்ந்தெடுங்கள். அது மூழ்கும் நொடியில் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். எங்கே எழும் என்று ஒவ்வொருவரும் விரலை நீட்டி ஊகிக்க வேண்டும். எழுந்ததும் எத்தனை வினாடி என்று நோட்டில் குறிக்க வேண்டும். பத்து முக்குளிப்புகளைக் குறித்துவிட்டு சராசரி கணக்கிடச் சொல்லுங்கள். கணக்கு நோட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட இதில் உட்கார்ந்து வகுத்துப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரை பிடித்த முக்குளிப்பு நீளமா, வெறும் வாயோடு வந்தது நீளமா என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

நீர்க்காகம் ஏன் கரையில் சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது என்றும் கேட்பார்கள். அதன் இறகுகளின் வெளிப்பகுதி நீரை ஏற்கும். வாத்தைப்போல நீர் ஒட்டாத இறகாக இருந்தால் அதற்குள் அடைபட்ட காற்று மிதக்கவைத்துவிடும், ஆழத்துக்குப் போவது சிரமம். நனைவது மூழ்குவதற்கு வசதி. வெளியே வந்ததும் காய வைத்துக்கொள்கிறது.

பறவைகளுக்கு ரொட்டி போடலாமா என்று எல்லாக் குடும்பங்களும் கேட்பதுண்டு. போடாதீர்கள். அது அவற்றின் வயிற்றை நிரப்பும், தேவையான சத்தைத் தராது. மிச்சம் நீரில் ஊறி அழுகும். அழுகியதும், கூட்டமாகச் சேரும் பறவைகளின் எச்சமும் சேர்ந்து நீரில் பாசியை வளர்க்கும். பிள்ளைகளிடம் தடையாகச் சொல்வதைவிட, அந்த வாத்து தானாகவே என்ன தேடித் தின்கிறது என்று பார்க்கச் சொன்னால் ரொட்டியை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது செடிகள். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, எனக்கோ ஏரிக்கரையில் மிகவும் பிடித்த பகுதி இது. கரையிலிருந்து நீரை நோக்கிப் பார்த்தால் செடிகள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். ஈரமண்ணில் புற்கள். முழங்கால் ஆழத்தில் கோரை, சம்பு, நாணல். அதற்கு அப்பால் இலையை மிதக்கவிட்ட அல்லி. இன்னும் உள்ளே, முழுக்க நீருக்குள்ளேயே வாழும் வேலம்பாசி போன்ற செடிகள். நீரின் ஆழத்தை அளக்காமலேயே இந்த வரிசையை வைத்துச் சொல்லிவிடலாம்.

நீருக்கடியில் இருக்கும் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே வேர் எப்படி உயிரோடு இருக்கிறது? உதிர்ந்து கிடக்கும் ஓர் அல்லித் தண்டையோ கோரைத் தண்டையோ எடுத்துக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள். இலை வழியாக வரும் காற்று இந்தக் குழாய்களின் வழியே வேருக்குப் போகிறது. நிலத்துச் செடிகள் பலவற்றில் காற்றுத்துளைகள் இலையின் அடிப்பக்கத்தில்தான் அதிகம். அல்லி இலையின் அடிப்பக்கம் நீரில் படுத்திருப்பதால் அதன் துளைகள் மேல்பக்கம் இருக்கின்றன.

தாமரை இலைத் தண்ணீர்போல என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். ஏரியில் தாமரை இருந்தால் அதை நேரில் செய்து பாருங்கள். இலைமேல் நாலு சொட்டு நீரும் ஒரு சிட்டிகை மண்ணும் போட்டுச் சாய்த்தால், நீர் முத்தாக உருண்டு மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். இலையைத் தொட்டால் வழவழப்பாக இருக்கும் என்று நினைப்போம். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அது முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள், அந்த மேடுகள்மேல் மெழுகுத் துணுக்குகள். நீர்த்துளி அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்கிறது, கீழே காற்று. அதனால்தான் ஒட்டுவதில்லை. வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இதை விளக்கினார். 1997-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, தானே சுத்தமாகிக்கொள்ளும் பூச்சுகளும் கண்ணாடிகளும் இந்த இலையைப் பார்த்துச் செய்யப்பட்டன. நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் உவமைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வெள்ளைத் தட்டும், கைப்பிடி உள்ள ஒரு சல்லடையும் போதும். பூங்கா நிர்வாகம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டில் ஏரி நீரை இரண்டு விரல்கடை ஊற்றி, கரையோரச் செடிகளுக்கு நடுவே சல்லடையை மெல்ல ஓட்டி, அதைத் தட்டில் கவிழ்க்க வேண்டும். முதலில் வெறும் குப்பைபோலத் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் குப்பை நடக்க ஆரம்பிக்கும்.

அதில் தட்டானின் இளம்புழு கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். மேலே பறக்கும் தட்டான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் கழிக்கிறது, வகையைப் பொறுத்துச் சில வாரம் முதல் சில வருடம் வரை. மடித்து வைத்த கைபோன்ற கீழுதடு அதற்கு உண்டு. இரை பக்கத்தில் வந்ததும் அதை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விடுவது பின்புறத்து வழியாக. ஆபத்து வந்தால் உள்ளே இழுத்த நீரைப் பின்புறமாகப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி முன்னால் பாயும். இதைத் தட்டில் ஒருமுறை பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டாது.

செக்கச்செவேல் என்று நெளியும் சின்னப் புழு கிடைத்தால் அது நம்மைக் கடிக்காத ஒருவகைச் சிறு ஈயின் புழு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது வாழும். தட்டில் அது மட்டுமே நிறைய வந்து வேறெதுவும் வராவிட்டால் அந்த இடத்தில் நீர் சரியில்லை என்று சந்தேகப்படலாம். பலவகை உயிர்கள் கலந்து வந்தால் நல்ல அறிகுறி. எந்த வேதிப் பரிசோதனையும் இல்லாமல், உயிர்களை வைத்தே நீரின் தரத்தைச் சொல்லும் முறையை உலகம் முழுக்க நீரியல் வல்லுநர்கள் பயன்படுத்துகிறார்கள். மல்லாக்க நீந்தும் ஒரு பூச்சியும் வரலாம். அதைக் கையில் எடுக்காதீர்கள், தேனீ கொட்டியதுபோலக் கடிக்கும். கீழே இருந்து பார்க்கும் மீனுக்கும் மேலே இருந்து பார்க்கும் பறவைக்கும் தெரியாமலிருக்க மற்ற நீர்வாழ் உயிர்கள் பலவற்றுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெளுப்பாகவும் இருக்கும். இது மல்லாந்தே வாழ்வதால் முதுகு வெளுப்பு, வயிறு கருமை!

ஒருமுறை நான் தட்டை வெயிலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே இருந்துவிட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் நீர் சுட்டு, பாதி உயிர்கள் செத்துப்போயிருந்தன. ஒரு சிறுமி அழுதேவிட்டாள். அன்றிலிருந்து தட்டு நிழலில்தான், பத்து நிமிடத்துக்கு மேல் கிடையாது, எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். இந்த மூன்றையும் பிள்ளைகளிடமே பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பெரிய பிள்ளைக்கு இன்னொரு வேலை தரலாம். 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தகடு. அதை நாலு பாகமாகப் பிரித்து, அடுத்தடுத்த பாகங்களில் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். நடுவில் கயிறு கட்டி, அடியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். படகுத்துறையில் கைப்பிடிக்கு இந்தப் பக்கம் நின்று, நிழல் விழும் பக்கமாக நீரில் இறக்க வேண்டும். தகடு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் நீரின் தெளிவு கிடைத்துவிடும். இதற்கு செக்கி தட்டு என்று பெயர். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய பாதிரியார், வானியல் அறிஞர், 1865-இல் மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளை இறக்கிச் சோதித்தார். சூரியனை ஆராய்ந்து புகழ்பெற்றவர் செய்த இந்த எளிய கருவியை ஏரி ஆய்வாளர்கள் இன்றும் விடவில்லை. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்திலும் தட்டு தெரிந்திருக்கிறது. ஒரு பூங்கா ஏரியில் அரை மீட்டரிலேயே மறையலாம். அந்த எண்ணைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். மாதாமாதம் அது எப்படி மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மழைக்குப் பிறகு மண் கலப்பதால் தெளிவு குறையும், வெயில் நாட்களில் பாசி பெருகுவதாலும் குறையும்.

பாசி என்றதும் ஓர் எச்சரிக்கை. நீர்மேல் பச்சை பெயிண்டைக் கொட்டியதுபோலப் படலம் பரவியிருந்தால் அந்த நீரில் யாரும் கைவைக்கக் கூடாது, நாயையும் இறங்கவிடக் கூடாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். தலைமுடிபோலக் குச்சியில் தொங்கினால் பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. குச்சியில் வண்ணம் பூசியதுபோல ஒட்டினால் விலகிவந்து பூங்கா அலுவலகத்தில் சொல்லுங்கள்.

ஏரி மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டு யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். சில நேரம் உண்மையாகவே கழிவு கலந்திருக்கும். ஆனால் மூச்சுத் திணறியும் மீன்கள் சாகும். வெப்பம் ஏற ஏற நீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி மற்ற உயிர்களோடு போட்டியிட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். பாசி மண்டிய ஏரியில் அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

படகு, மீன்பிடிப்பு, நீச்சல் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எந்தப் படகானாலும், நீந்தத் தெரிந்தவர்களும் உயிர்க்கவசச் சட்டை அணிந்து வார்களைப் பூட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகு நல்லது, சத்தமில்லாமல் பறவைகளுக்குப் பக்கத்தில் போகலாம். ஆனால் கூடு கட்டும் நாணல் புதருக்குள் நுழைய வேண்டாம். தூண்டில் போட அனுமதி இருந்தால், ஈயக் குண்டுகளைத் தவிர்த்து வேறு உலோகக் குண்டுகளைப் பயன்படுத்துங்கள். கரையில் விழுந்த ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி அன்னங்கள் ஏராளமாகச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987-இல் பெரும்பாலான ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. அறுந்த தூண்டில் நரம்பையும் விட்டுவிட்டு வரக் கூடாது. அது பறவையின் காலில் சுற்றிக்கொண்டால் அந்தப் பறவை பிழைப்பது கஷ்டம்.

நீச்சலுக்கு என்று குறித்து, காவலரும் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டக் கால்வாசி 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மூழ்குகிறவர் கூச்சல் போடுவார், கையை வீசுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு விடத்தான் நேரம் இருக்கும், கத்துவதற்கு இருக்காது. ஆகவே சின்னப் பிள்ளை நீரருகே இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், போனைப் பையில் வைத்துவிட்டு, நிற்க வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள். கம்பையோ துணியையோ நீட்டுங்கள், மிதக்கும் எதையாவது வீசுங்கள், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே பழக்கிவிடலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அதிகம் நடக்க முடியாதவருக்கு ஏரிக்கரையைப்போல வசதியான இடம் வேறில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தாலே காட்சிகள் தேடி வரும். பறவைகளை எண்ணும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். பார்வை இல்லாத ஒரு பெரியவர் எங்கள் குழுவோடு சில காலம் வந்தார். எந்தப் பறவை எந்தத் திசையில் கூப்பிடுகிறது என்று எங்கள் எல்லோரையும்விட முன்னதாகச் சொல்லிவிடுவார். பொழுது சாய்ந்தபின் அக்கரைப் பேச்சு இக்கரையில் தெளிவாகக் கேட்கும் என்பதைக் கவனிக்கவைத்தவரும் அவர்தான். நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்புவதுதான் காரணம். பூங்கா இருட்டியபின்னும் திறந்திருந்தால், மழைக்கால மாலை ஒன்றில் தவளைகளின் சத்தத்தைக் கேட்கவே ஒருமுறை போய் வாருங்கள். வௌவால்கள் பறந்தபடியே தாழ வந்து நீரை ஒரு வாய் அள்ளிக்கொண்டு போவதையும் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்ததைப் பிறருக்கும் பயன்படச் செய்ய வழி உண்டு. பறவைகளுக்கு ஈ-பேர்ட் என்ற தளம் 2002 முதல் இயங்குகிறது. எந்த உயிரையும் படமெடுத்துப் போட்டு அடையாளம் கேட்க ஐநேச்சுரலிஸ்ட் 2008 முதல் இருக்கிறது. இரண்டும் இலவசம். ஒரு குடும்பம் ஒரே இடத்திலிருந்து வாராவாரம் அனுப்பும் பட்டியல், எப்போதோ ஒருமுறை வந்துபோகும் நிபுணரின் பட்டியலுக்குக் குறைந்ததல்ல. எப்போது என்ன வந்தது, எப்போது போனது என்பது வாராவாரம் பார்ப்பவருக்குத்தான் தெரியும். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் அந்த நாளில்தான் கையெழுத்தானது. அதையொட்டி ஏரிகள் உள்ள பல இடங்களில் வழிகாட்டியோடு நடை, பறவைக் கணக்கெடுப்பு, சிறுவர் நிகழ்ச்சிகள் நடக்கும். உங்கள் பூங்காவில் உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் கேட்டதே ஒரு தொடக்கமாக இருக்கும்.

துப்புரவுப் பணிக்குக் குடும்பமாகப் போவதும் நல்ல பொழுதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிளாஸ்டிக்கை எடுங்கள். ஏரியை மூடி மண்டும் ஆகாயத்தாமரையையும் நிர்வாகம் சொன்னால் எடுங்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகெங்கும் கொண்டுபோகப்பட்டது. கோரையையும் நாணலையும் விழுந்து கிடக்கும் மரக்கட்டையையும் தொடாதீர்கள். பூங்காவைச் சுத்தமாக வைக்கிறோம் என்று கரை முழுவதையும் கல் பதித்து, புல்லை நீர்வரை ஒட்ட வெட்டிவிடுகிற இடங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அந்தப் புதர்தான் மழைநீரோடு வரும் மண்ணையும் உரத்தையும் வடிகட்டுகிறது. மீன்குஞ்சுகள் ஒளிவதும் தட்டான் புழு ஏறிவந்து தோலை உரித்துக்கொண்டு பறப்பதும் அங்கேதான். உங்கள் பூங்காவில் யோசனை கேட்கும் வாய்ப்பு வந்தால் புதிய விளையாட்டுச் சாதனங்களுக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: கரையில் ஒரு பகுதியையாவது வெட்டாமல் விடுவது, பிள்ளைகள் குப்புறப் படுத்துத் தட்டில் நீர் அள்ள உயரம் குறைந்த ஒரு மேடை, சக்கர நாற்காலி நீரின் ஓரம்வரை போக ஒரு சரிவுப் பாதை.

வாங்க வேண்டியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னால் ஆர்வம் வந்தால் ஒரு பைனாகுலர் வாங்கலாம். அதன்மேல் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். பத்து, பன்னிரண்டு மடங்கு வாங்கிவிடாதீர்கள், கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகித் தெரியும்.

வரும் வாரம் போகும்போது ஒரு நோட்டையும் பென்சிலையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அடையாளக் கல்லையும் அவர்களே சொல்லட்டும். நீர் அந்தக் கல்லுக்கு எத்தனை விரல்கடை கீழே நிற்கிறது என்று எழுதி, தேதி போட்டுவிட்டு வாருங்கள்.